கேட்டால் கொடுக்கவும்

அந்த முதியோர் இல்லத்தில் அவளை எல்லோரும் புல்லட் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்ப் பட்டை சட்டையில் குத்தியிருந்தாலும் அதைப் படித்தவர் யாருமில்லை. மேல்மாடியில் மறதிப் பிரிவு. அங்கே பதினான்கு பேர். காலைச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களைப் பார்க்க இரண்டே ஆட்கள். பதினான்கு பேரில் ஒன்பது பேருக்குக் கரண்டி பிடிக்கவே மறந்துபோயிருந்தது. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் எல்லா வயிற்றையும் நிரப்பி, எல்லா வாயையும் துடைத்து, தட்டுகளை வண்டியில் அடுக்கிக் கீழே அனுப்பிவிடுவாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். "வேலைன்னா புல்லட்டக்கா மாதிரி செய்யணும்" என்று மேனேஜர் கூட்டத்தில் சொல்லும்போது வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். உள்ளே ஒரு சுற்று பருத்துவிடுவாள். பன்னிரண்டு வருஷ உழைப்பு அது.

பதினோராம் அறையில் டெலிபோனம்மா இருந்தார். முப்பத்தொரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். மறதி வந்த பிறகும் யார் அறைக்குள் போனாலும், "லைன்ல இருங்க, குடுக்கறேன்" என்பார். "எவ்வளவு நேரமா இருக்கேன், இன்னும் குடுக்கலியே" என்று புல்லட் வம்புக்கு இழுப்பாள். இருவரும் சிரிப்பார்கள். அந்தப் பேச்சு நின்று ஆறு மாதமாகிவிட்டது. இப்போது எந்நேரமும் படுக்கைதான். முழங்கால் இரண்டும் வயிற்றை நோக்கி மடங்கிவிட்டன. புரட்டிப் படுக்க வைத்தால் முனகுவார். சில நாள் அடிக்கவும் செய்வார்.

அந்தப் புதன்கிழமை காலையும் அவர் வாயை இறுக்கிக்கொண்டார். அதற்குப் புல்லட்டிடம் ஒரு வழி இருந்தது. அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவள் கற்றுக்கொடுத்த வழி. இரண்டு விரலால் மூக்கை லேசாகப் பிடித்தால் போதும், மூச்சுக்காக வாய் திறக்கும். திறந்தவுடன் கரண்டியை உள்ளே விட்டுவிட வேண்டும். "என் தங்கம்ல, ஒரே ஒரு வாய்" என்று கொஞ்சிக்கொண்டேதான் செய்தாள். அரைத்த சாப்பாடு பாதி உள்ளே போயிற்று, பாதி தாடையில் வழிந்தது. அந்த அம்மாள் இருமினார். கண்ணில் நீர் முட்டியது. சுருங்கிய கை ஒன்று எழும்பிப் புல்லட்டின் காதோரம் பட்டென்று விழுந்தது. புல்லட் கோபித்துக்கொள்ளவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினாள்: 'முழுவதும் சாப்பிட்டார். அடம். கை ஓங்கினார்.' எழுதிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினாள்.

அன்று மதியம் பயிற்சி வைத்திருந்தார்கள். இரண்டு வாரத்தில் முதியோர் இல்லங்களைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வுத்துறை வரப்போகிறது. மறதி நோய் முற்றிக் கடைசி நாட்களில் இருப்பவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததற்குக் காகிதம் கேட்பார்கள். இரண்டு நாள் நடக்கவேண்டிய பயிற்சி. மேனேஜர் அதை ஒரே நாளாக்கி, அந்த ஒரு நாளையும் நாற்பது நிமிடமாக்கியிருந்தார். "மேல ஆளில்ல மேடம், சுருக்கா முடிச்சிடுங்க" என்று அவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்பது நாற்காலிகள். பயிற்சி கொடுக்க வந்த நர்ஸுக்கு முப்பது வயதுகூட இருக்காது. புல்லட் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் நெட்டையன். மறதிப் பிரிவில் அவளோடு சேர்ந்து வேலை பார்க்கிறவன். கதவு நிலையில் தினம் ஒரு தடவை தலையை இடித்துக்கொள்வான்.

"நேத்து படிச்சு முடிச்ச பொண்ணு, நமக்கு ஸ்பூன் புடிக்கக் கத்துக்குடுக்க வந்திருக்கு" என்றாள் அவனிடம். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் மெதுவாகச் சொல்வது தெருமுனை வரை கேட்கும்.

நர்ஸ் சிரித்தாள். "வாங்கக்கா, முதல்ல உங்களுக்கே ஊட்டிடலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். புல்லட் வீம்பாக எழுந்து வந்து சாய்வு நாற்காலியில் படுத்தாள். நர்ஸ் அவள் கைகளைப் போர்வைக்குள் வைத்து ஓரங்களை இறுக்கிச் செருகினாள். நெட்டையனைக் கூப்பிட்டு, காலையில் மிஞ்சிய அரைத்த சாப்பாட்டுக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"நின்னுக்கிட்டே ஊட்டுங்க. பேச வேணாம். தினம் ஊட்டற வேகம்தான்."

முதல் கரண்டி சில்லென்று நாக்கில் விழுந்தது. என்ன சாப்பாடு என்றே தெரியவில்லை. அதை விழுங்குவதற்குள் இரண்டாவது வந்தது. மேலே உயரத்தில் எங்கேயோ நெட்டையனின் தாடை தெரிந்தது. 'இருடா' என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த இடைவெளியிலும் ஒரு கரண்டி நுழைந்தது. தொண்டையில் ஏறிப் புரையேறியது. தலையைத் திருப்பினாள். கரண்டியும் கூடவே திரும்பி வந்தது. கையை எடுக்கப் பார்த்தாள், போர்வை விடவில்லை. மூச்சு முட்டியது. உடம்பை உதறி எழுந்து கையை வீசினாள். கிண்ணம் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

"என்னை மனுஷின்னு நெனச்சியா, மாடுன்னு நெனச்சியாடா?"

நெட்டையன் முகத்தில் ஈயாடவில்லை. "நீங்க எனக்குக் கத்துக்குடுத்த மாதிரிதான்க்கா ஊட்டினேன்" என்றான்.

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நர்ஸ் ஒரு துண்டை எடுத்துப் புல்லட்டிடம் நீட்டினாள்.

"கோவம் வந்துச்சு, தட்டிவிட்டீங்க. நியாயம்தானே? அவங்களுக்கும் அதே கோவம்தான் வருது. அவங்க தட்டிவிட்டா நாம அடம்னு எழுதிடறோம்" என்றாள் நர்ஸ். பிறகு எல்லோரையும் பார்த்துப் பேசினாள். "கடைசி கட்டத்துல உடம்புக்கு விழுங்கவே மறந்துபோயிடும். நாம திணிக்கிறது வயித்துக்குப் போறதில்ல, நுரையீரலுக்குப் போகுது. பேச்சு போன ஆளுக்கு வாயை மூடிக்கிறதுதான் பேச்சு. வேணாம்ங்கறாங்க. நெத்தி சுருங்கியிருக்கா, காலை மடக்கிக்கிறாங்களா, தொட்டா அடிக்கிறாங்களா, அதெல்லாம் வலி. அடம் இல்ல."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "போதும் மேடம், எல்லாரும் நில்லுங்க, போட்டோ எடுத்துக்கலாம்." பதிவேடு கைமாறியது. 'இரண்டு நாள், பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி முழுமையாக நிறைவு' என்று முன்பே அச்சடித்திருந்தது. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். புல்லட் போடவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

துணி துவைக்கும் அறையில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஈரப் படுக்கை விரிப்புகளை வாரி வாரிக் கூடையில் அடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அங்கே வந்து கதவருகே நின்றாள்.

"பன்னெண்டு வருஷம்" என்றாள் புல்லட், திரும்பாமலே. "பன்னெண்டு வருஷமா ஒரு நாய்கூட வந்து சொல்லல. இப்ப வந்து நாப்பது நிமிஷத்துல சொல்லிட்டு பையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுவ. எத்தனை பேர் மூக்கைப் புடிச்சிருக்கேன்னு தெரியுமா உனக்கு? கணக்கே இல்ல. அதுக்காக என்னைப் பாராட்டி மாலை போடாததுதான் குறை."

"உங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லாதது பெரிய தப்புக்கா. உங்க கோவம் நியாயம்தான்."

"உன் நியாயத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!" விரிப்பைத் தரையில் வீசினாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.  பிறகு முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "மேல ஒரு அம்மா இருக்காங்க. வந்து பாரு" என்றாள்.

டெலிபோனம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். நர்ஸ் முட்டிபோட்டு அவர் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனாள். நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். உள்ளே கொரகொரவென்றிருந்தது. நெற்றியில் விரலால் தடவினாள். அங்கிருந்த மடிப்பு விரியவில்லை. போர்வையை விலக்கி இடுப்பைப் பார்த்தாள். எலும்பு மேட்டில் தோல் சிவந்து உரியத் தொடங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்தான்க்கா. ரொம்ப வலியில இருக்காங்க. வலிக்கு என்ன குடுக்கறீங்க?"

மருந்துக் குறிப்பு கட்டிலின் காலடியில் தொங்கியது. நர்ஸ் அதைப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தினாள். வலி மருந்து எழுதித்தான் இருந்தது. பக்கத்தில் டாக்டரின் கிறுக்கலில் மூன்று வார்த்தை: 'வலித்தால், கேட்டால் கொடுக்கவும்.' அதன் கீழே நான்கு மாதத்துக்கான கட்டங்கள். எல்லாம் வெற்றுக் கட்டங்கள்.

புல்லட் அதை இரண்டு தடவை படித்தாள். "கேட்டாலா? கேக்கறதுக்கு வாய் ஏது இவங்களுக்கு?" என்றாள். அடுத்த நிமிடம் படியிறங்கி ஓடினாள்.

கீழே இரு மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு டியூட்டி நர்ஸ் இருந்தாள். புல்லட் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த மாத்திரைத் தட்டு ஆடியது. "யாரும் கேக்கலைன்னா எனக்கெப்படித் தெரியும்? முப்பத்தெட்டு பேருக்கு நான் ஒருத்தி" என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை என்பது தெரிந்தது. தெரிந்ததும் புல்லட்டுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. யாரைப் பிடித்து உலுக்குவது என்றே புரியவில்லை. பயிற்சி நர்ஸ் பக்கத்தில் நின்று நிலைமையை எடுத்துச் சொல்ல, டியூட்டி நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்தாள். விழுங்க முடியாதவருக்கு ஊசியாகப் போடலாம் என்று அவர் சொன்னார்.

ஊசி போட்டு அரை மணி ஆயிற்று. புல்லட் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள். நெற்றியிலிருந்த மடிப்பு மெல்லத் தளர்ந்தது. இறுகிய கை விரிந்தது. புரட்டிப் படுக்க வைத்தபோது அந்த அம்மாள் முனகவில்லை, அடிக்கவில்லை. அவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று மருந்துக் குறிப்பைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு மாதமாக இந்த அறைக்குள் அந்த மருந்து எழுத்தாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தானும் தினம் அதன்மேல் உரசிக்கொண்டு போய் வந்திருக்கிறோம்!

மறுநாள் காலை டாக்டர் நேரில் வந்து பார்த்தார். இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதால் அலைச்சல்தான் மிச்சம், சாப்பாட்டைத் திணிக்க வேண்டாம், வாயை ஈரமாக வைத்திருந்தால் போதும் என்று எழுதிவைத்தார். குடும்பத்தாரிடம் பேசும்படி மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் பேசவில்லை.

மதியம் மகன் வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலைக்கு நடுவே வந்ததால் நகக்கண்ணெல்லாம் கிரீஸ். தொடாத சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ன இது? எங்கம்மாவைப் பட்டினி போட்டுக் கொல்றீங்களா?"

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், இதோ இப்பவே ஊட்டச் சொல்றேன். இல்லாட்டி ஆம்புலன்ஸ் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில சேத்துடலாம், அதான் நல்லது." பிறகு புல்லட்டின் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஆய்வு வர்ற நேரம். இங்க எதுவும் ஆகக் கூடாது. புரியுதா? தட்டை எடு."

புல்லட் தட்டை எடுக்கவில்லை. கட்டிலுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"எடுக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"மாட்டேன்னா மாட்டேன். டாக்டர் எழுதி வெச்சிருக்காரு, படிங்க. இவருகிட்ட சொல்லச் சொன்னாரே, சொன்னீங்களா? எங்க சொல்லுவீங்க! உங்களுக்கு இவங்க எங்க சாகறாங்கங்கறதுதான் கவலை. எப்படிச் சாகறாங்கங்கறதைப் பத்தி ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

 புல்லட் மகனைப் பார்த்துத் திரும்பினாள்.  

"சார், நீங்க எம்மேல கோவப்படணும். ஆனா இன்னிக்கு ஊட்டாததுக்கு இல்ல. இத்தனை நாள் ஊட்டினதுக்கு. உங்கம்மா வேணாம்னு வாயை மூடிக்கிட்டாங்க. நான் மூக்கைப் புடிச்சு ஊட்டினேன். நேத்துக் காலைலகூட. அவங்களுக்கு வலிச்சிருக்கு. நான் அடம்னு எழுதினேன். யாரும் சொல்லிக்குடுக்கல, அது ஒரு பக்கம். செஞ்சது இந்தக் கைதான்."

மகன் அவளை அடித்துவிடுவார் போலிருந்தது. நெட்டையன் வாசலிலிருந்து இரண்டடி உள்ளே வந்தான். மகன் அடிக்கவில்லை. கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய், சாப்பாட்டுக் கரண்டியை எடுத்துத் தன் தாயின் உதட்டருகே கொண்டுபோனார். "அம்மா. அம்மா, நான்தான். ஒரு வாய் வாங்கிக்கம்மா." உதடுகள் இறுகின. தலை மெல்ல, மிக மெல்ல, அந்தப் பக்கம் திரும்பியது. அவர் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு தட்டில் வைத்தார்.

"என்ன செய்யணும்?" என்றார். யாரையும் பார்க்காமல் கேட்டார்.

நெட்டையன்தான் சொன்னான். பஞ்சு சுற்றிய சிறு குச்சியைத் தண்ணீரில் நனைத்து உதட்டிலும் நாக்கிலும் ஒற்றக் காட்டினான். மகன் செய்தார். தாயின் நாக்கு நுனி வந்து ஈரத்தைத் தடவிவிட்டு உள்ளே போயிற்று. அவர் தோள் குலுங்கியது. சற்று நேரம் கழித்து, "இவங்களை வெளிய போகச் சொல்லுங்க" என்று புல்லட்டைக் காட்டினார். "இனிமே இந்த ரூமுக்குள்ள இவங்க கால் வைக்கக் கூடாது."

புல்லட் போனாள்.

அந்த அம்மாள் சனிக்கிழமை பிற்பகல் வரை இருந்தார். வேளாவேளைக்கு ஊசி போட்டார்கள். வெளியூரிலிருந்து மகளும் வந்துவிட்டாள். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்சேஞ்சில் யாரோ ஒரு அதிகாரி மனைவிக்குப் பதில் மாமியாருக்கு இணைப்பு வாங்கி அசடு வழிந்த கதையைச் சொல்லி மகள் சிரித்தது நடைவழிவரை கேட்டது. புல்லட் மற்ற பதின்மூன்று பேருக்கும் டீ கொடுத்துக்கொண்டு, அந்தக் கதவைத் தாண்டிப் போய் வந்தபடி இருந்தாள். உள்ளே போகும் நெட்டையனிடம், "நெத்தியைப் பாரு. சுருங்கினா உடனே சிஸ்டரைக் கூப்பிடு, யோசிக்காதே" என்று மட்டும் சொல்வாள். மூன்றரை மணிக்கு நெட்டையன் வெளியே வந்து தலையசைத்தான். நெற்றி சுருங்கவே இல்லை என்றான். அவள் டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சமையலறையில் விட்டுவிட்டு, கை கழுவும் தொட்டியில் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு அழுதாள்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு காகிதங்கள். ஒன்று அவளுக்கான மெமோ: பணிய மறுத்தல், இல்லத்தில் தங்கியிருந்தவரின் குடும்பத்தாரிடம் முறைகேடாகப் பேசுதல். மற்றது அந்தப் பதிவேடு.

"இதுல கையெழுத்துப் போட்டுடு, அதைக் கிழிச்சிடறேன். பன்னெண்டு வருஷ சர்வீஸ், எதுக்கு வீணாக்கிக்கிற?"

புல்லட் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். தன் பெயருக்கு நேரே நிதானமாக எழுதினாள்: 'ஒரு நாள். நாற்பது நிமிடம். மீதி நடக்கவில்லை.' அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கையை நீட்டினார்.

"கிழிங்க சார். நெட்டையன் போன்ல படம் எடுத்துட்டான்" என்றாள். நெட்டையன் எடுக்கவில்லை. அவன் அந்த அறையிலேயே இல்லை. ஆனால் மேனேஜரின் கை நின்றுவிட்டது.

ஆய்வு வந்தபோது மகன் கொடுத்த புகாரும் கூடவே வந்தது. அதில் இல்லத்தின் பெயர் இருந்தது, புல்லட்டின் பெயரும் இருந்தது. விசாரித்த அதிகாரி வயதான பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்: "இதுல உங்களைப் பத்தி எழுதியிருக்கறது உண்மையா?"

"உண்மை. அவர் எழுதாததையும் சொல்றேன், எழுதிக்கங்க." மூக்கைப் பிடித்ததில் தொடங்கி, வெற்றுக் கட்டங்கள் வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"உங்க மேல நீங்களே இவ்வளவு சொல்றீங்களே?"

"ஆமா. ஆனா எங்கிட்ட வந்து நின்னுடாதீங்க மேடம். எனக்கு மேலயும் ஆளிருக்கு. ஏறிப் போங்க."

ஏறிப் போனார்கள், கொஞ்ச தூரம். புல்லட்டை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். இல்லத்துக்கு எச்சரிக்கை வந்தது. இரண்டு நாள் பயிற்சியை முழுசாக நடத்தவேண்டும், மறதிப் பிரிவில் காலை வேளைக்கு இன்னும் ஓர் ஆள் போடவேண்டும், பேச முடியாதவர்களின் வலியை ஒவ்வொரு வேளையும் பார்த்து எழுதவேண்டும் என்று உத்தரவாயிற்று. புல்லட் திரும்பி வந்தபோது மூன்றாவது ஆளும் வந்திருந்தான். மகன் அவளை மன்னித்ததாக ஒரு செய்தியும் வரவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

மேனேஜரைப் பற்றி நெட்டையன்தான் வந்து சொன்னான். "அவரை மாத்திட்டாங்கக்கா. நம்ம முதலாளிக்கு ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொரு இல்லம் இருக்குல்ல, அங்க. சாதாரண மேனேஜர் இல்ல, இப்ப சீனியர் மேனேஜர்."

"அங்க மறதிப் பிரிவுல எத்தனை பேரு?"

"இருபத்தாறு பேருன்னு சொன்னாங்க."

  அடுத்த விடுமுறை நாளில் புல்லட் இரண்டு பஸ் மாறி ஆய்வுத்துறை அலுவலகத்துக்குப் போனாள். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா புகார்ப் படிவத்தைப் புரட்டிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த இல்லத்துல உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"அங்க வேலை பாக்கறீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அங்க ஊட்டறவங்களுக்கு யாராவது சொல்லிக்குடுத்தாங்களான்னு போய்ப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் புல்லட். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அவள் குரல் ஏறியிருந்தது. "காகிதத்தைக் காட்டுவாங்க, நம்பாதீங்க. கட்டில்கிட்ட போய்ப் பாக்கச் சொல்லுங்க. எழுதிட்டீங்களா? எழுதுங்க, நான் நிக்கறேன்."